சாம்பிள் சின்த்தில் ஒலி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம், கேம், நாடகம், விளம்பரம் என்று எதற்காவது இதுவரை இல்லாத ஓர் ஒலியைச் செய்ய வேண்டியவர்களுக்கான பக்கம் இது. நீங்களே பதிந்த ஒலியை ஒரு மென்பொருள் சின்த்தில் (சின்தசைசர், அதாவது ஒலியை உருவாக்கும் கருவி) போட்டு, உருட்டிப் புரட்டி வேறொன்றாக ஆக்கும் வேலை பற்றிப் பேசுகிறது. பாட்டுக்குப் பியானோ, வயலின் வாசிக்கிற பெரிய லைப்ரரிகளைப் பற்றி இங்கே அதிகம் இருக்காது.

சாம்பிளரும் சாம்பிள் சின்த்தும் ஒன்றுதானே?

உறவுக்காரர்கள், ஆனால் குணம் வேறு. சாம்பிளர் கிளிப்பிள்ளை. பியானோவைப் பதிந்து கொடுத்தால் பியானோவையே திருப்பிச் சொல்லும். மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்ல சாம்பிளர். சாம்பிள் சின்த்துக்கு அந்தப் பதிவு வெறும் மாவு. எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும், எந்த வேகத்தில், எந்தத் திசையில், எத்தனை துண்டாக நறுக்கி, எதை ஃபில்டரில் வெட்டிவிட்டு என்பதையெல்லாம் உங்கள் கையில் கொடுத்துவிடும். இரண்டையும் ஒரே பிளக்இன் (இசை மென்பொருளுக்குள் இயங்கும் துணை மென்பொருள்) செய்வதும் உண்டு.

யோசனை பழையது. 1948-இல் பாரிஸில் இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் ஒரு மணியோசையைப் பதிந்து, அடி விழும் முதல் கணத்தை நீக்கிவிட்டு மீதியை மட்டும் ஒலிக்கவிட்டார். அது மணியாகவே கேட்கவில்லை. ஏதோ ஊதுகருவி போல இருந்தது. ஒலியின் அடையாளம் பெரும்பாலும் அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறது என்ற இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே இந்த வேலையில் பாதி தெரிந்த மாதிரி. 1979-இல் சிட்னியில் பிறந்த ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற சாம்பிள் கருவி இதைக் கணினிக்குள் கொண்டுவந்தது. அதில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு குரலுக்கும் 16 கிலோபைட் நினைவகம்தான். இன்று உங்கள் போன் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

சொல்லில் ஒரு குழப்பம் உண்டு, இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். ‘சாம்பிள்’ என்றால் பதிவு செய்த ஒலித்துண்டு; அந்தத் துண்டுக்குள் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படும் ஒவ்வொரு எண்ணுக்கும் அதே பெயர்தான். இந்தப் பக்கத்தில் இரண்டாவதைப் ‘புள்ளி’ என்று சொல்கிறோம்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

வாங்குவதற்கு முன் ஏற்கெனவே கையில் இருக்கும் இசைப்பதிவு மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஏபிள்டன் லைவில் சிம்ப்ளர் இருக்கிறது. கிளாசிக், ஒன்-ஷாட், ஸ்லைஸ் என்று மூன்று முறைகள். லாஜிக்கில் குவிக் சாம்ப்ளரும், அதைவிட ஆழமான ஆல்கெமியும் கூடவே வருகின்றன. எஃப்.எல். ஸ்டுடியோவில் ஃப்ரூட்டி கிரானுலைசர். ரீப்பரில் வருவது ரியாசாம்ப்ளோமேட்டிக்5000; முகம் பார்க்க அரசு அலுவலகப் படிவம் போலிருக்கும், வேலையில் குறையில்லை.

இலவசம் என்றால் டீசென்ட் சாம்ப்ளர், வைட்டல், பால்எக்ஸ்ஸ்ட்ரெட்ச் மூன்றும் போதும். வைட்டலில் சாம்பிளுக்கு ஒரே ஓர் இடம்தான். ஆனால் ஓர் ஒலிக்கோப்பை அதன் ஆஸிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் பகுதி) மேல் இழுத்துப் போட்டால் வேவ்டேபிளாக, அதாவது சின்னச் சின்ன அலைகளின் வரிசையாக, மாற்றித் தரும், அதுதான் அதன் உண்மையான ருசி. பால்எக்ஸ்ஸ்ட்ரெட்ச் ஒரே வேலை செய்யும்: 3 நொடி ஒலியை 3 நிமிடமாக இழுக்கும். வேறு எதுவும் தெரியாத நாளில்கூட அதை வைத்து ஒரு பேய்ப்படத்துக்கான பின்னணி ஒலியைச் செய்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்குவதானால் ஆர்ட்டூரியாவின் பிக்மென்ட்ஸ், ஸ்டைன்பெர்க்கின் பேட்ஷாப், யூ.வி.ஐ.யின் ஃபால்கன். இதில் ஃபால்கன் கடல். அதை முதல் சின்த்தாக வாங்கியவர்கள் பலர் நீச்சல் கற்றதில்லை.

எல்லாரும் ‘எளிமை, விளையாட்டு போல’ என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

டெமோ பதிப்பை இறக்கி, அதன் ப்ரீசெட் (முன்பே செய்து வைத்த ஒலி அமைப்பு) எதையும் தொடாமல், உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றை அதன் மேல் இழுத்து விடுங்கள். உடனே கீபோர்டை அழுத்தினால் ஒலி வர வேண்டும். அலைவடிவம் திரையில் தெரிந்து, இப்போது எந்த இடத்தைப் படிக்கிறது என்று ஒரு கோடு நகர வேண்டும். எல்.எஃப்.ஓ.வை (குமிழைத் தானாக மெதுவாக ஆட்டும் அலை) ஒரு குமிழின் மேல் இழுத்தால் அது எவ்வளவு தூரம் ஆட்டுகிறது என்று குமிழைச் சுற்றி வளையம் தெரிய வேண்டும். அன்டூ இருக்க வேண்டும். சின்த்துக்குள் அன்டூ இல்லாவிட்டால் பயந்து பயந்துதான் திருப்புவீர்கள், பயந்தவர் கையில் புது ஒலி வராது. கடைசியாக, ப்ரீசெட்டைச் சேமிக்கும்போது உங்கள் சாம்பிளையும் சேர்த்துச் சேமிக்கிறதா, முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

அழகான படமும் மினுக்கும் துகள்களும் இந்தக் கணக்கில் சேராது. குமிழைத் திருப்பியதும் காதில் மாற்றம் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

50 ஜி.பி. லைப்ரரி வாங்கினால் வேலை சீக்கிரம் முடியாதா?

தேடும் வேலை கூடும். அதே லைப்ரரியை வாங்கிய எல்லாரிடமும் அதே ஒலி இருக்கும். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ரப்பர் பலூன், ஒரு முறம் அரிசி, ஓடும் கிரைண்டர் ஆகிய நான்கையும் நன்றாகப் பதிந்து வைத்தால் ஒரு குறும்படத்துக்கு வேண்டிய பெரும்பாலான புனைவொலிகளைச் செய்துவிடலாம்.

எப்படிப் பதிய வேண்டும்? போன் போதுமா?

போதும், மூன்று விஷயங்களைக் கவனித்தால். முதலாவது, சுருக்கப்பட்ட கோப்பு வேண்டாம். எம்.பி.3 போன்றவை காதுக்குக் கேட்காது என்று கருதும் விவரங்களை வீசிவிடுகின்றன. அப்படியே கேட்டால் தெரியாது. இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறக்கினாலோ நாலு மடங்கு இழுத்தாலோ தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு சலசலப்பு மேலே வந்துவிடும். வாவ் கோப்பாகப் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். ஐபோனின் வாய்ஸ் மெமோஸில் ஒலித்தரத்தை லாஸ்லெஸ் என்று மாற்றலாம். வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை மூலமாக வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, போன் தானாகச் செய்யும் இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலியளவும். டம்ளரின் ஓசை அடங்கிக்கொண்டே போகும்போது, இது வெறும் இரைச்சல் என்று முடிவுகட்டி வால் பகுதியைப் போன் வெட்டிவிடும். நமக்கு வேண்டியதே அந்த வால்தான். செயலியில் அவற்றை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள்.

மூன்றாவது, அளவு. மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். 24 பிட்டில் பதிந்தால் பிறகு உயர்த்துவதில் நஷ்டமில்லை. சிவப்பைத் தொட்டுச் சிதைந்ததை மீட்க முடியாது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் ஓடி முடியும்வரை காத்திருங்கள். ஒவ்வோர் ஒலிக்கும் குறைந்தது 5 முறை, வேறு வேறு விசையில் அடித்துப் பதியுங்கள். கடைசியில் 10 நொடி அறையின் மௌனத்தையும் பதிந்து வையுங்கள். இரைச்சல் நீக்க மென்பொருளுக்கு அது தேவைப்படும்.

96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் பயனுண்டா?

ஒலியைக் கீழே இறக்கப் போகிறீர்கள் என்றால் உண்டு, மைக் ஒத்துழைத்தால். 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 புள்ளியாக, பதிந்ததில் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் விவரம் இருக்கும். அதை இரண்டு ஆக்டேவ் இறக்கினால் அந்த உச்சி 5 கிலோஹெர்ட்ஸில் வந்து நிற்கும், மேலே வெறுமை. போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மங்கும். 96-இல் 48 கிலோஹெர்ட்ஸ் வரை இடமிருக்கிறது, இரண்டு ஆக்டேவ் இறங்கினாலும் 12 வரை மிஞ்சும். ஆனால் சாதாரண மைக்குகள் 20-க்கு மேல் அவ்வளவாகக் கேட்பதில்லை. 100 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் சான்கென் கோ-100கே மாதிரியான மைக்குகள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப. அது இல்லாதவர்கள் 48-இல் பதிந்துவிட்டு, இறக்கிய ஒலியின் மேல் இறக்காத இன்னொரு மெல்லிய ஒலியை அடுக்கினால் போதும். காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

சாம்பிளைப் போட்டாகிவிட்டது. முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

டம்ளரை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் ஸ்பூனால் ஒரு தட்டு, 3 நொடி நீளம்.

முதலில் கீழே இறக்குங்கள். 12 செமிடோன் (அரைச்சுரம்; 12 சேர்ந்தால் ஓர் ஆக்டேவ்) இறக்கினால் 6 நொடி, 24 இறக்கினால் 12 நொடி. டம்ளர் கோயில் மணியாகி, மணி இரும்புக் கதவாகிவிடும். அடுத்து, தொடக்க இடத்தை 80 மில்லிசெகண்ட் தள்ளி வையுங்கள். ஷேஃபர் செய்தது இதுதான்: தட்டிய சத்தம் போய்விட்டது, உலோகத்தின் ரீங்காரம் மட்டும் மிச்சம். இப்போது அட்டாக்கை (ஒலி முழு அளவுக்கு எழ எடுக்கும் நேரம்) 400 மில்லிசெகண்ட் வரை ஏற்றினால் யாரோ வில்லால் இழுப்பது போல எழும். திருப்பி வாசிக்க விடுங்கள். ரீங்காரம் வளர்ந்து வந்து சட்டென்று அறுபடும், காட்சி மாறும் இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

பிறகுதான் ஃபில்டர். லோ-பாஸை (தாழ்ந்த ஒலியை விட்டு உயர்ந்ததை வெட்டும் ஃபில்டர்) 800 ஹெர்ட்ஸில் வைத்து, ஒரு நொடிக்கு ஒருமுறை போகும் எல்.எஃப்.ஓ.வால் லேசாக ஆட்டுங்கள். ரிவெர்ப், டிலே ஆகிய எதிரொலி விளைவுகளை இந்தப் பத்து நிமிடமும் தொடாதீர்கள். ரிவெர்ப் போட்டால் எல்லாமே அழகாகத்தான் கேட்கும், அதனால் எது உண்மையில் நன்றாக இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

இவ்வளவு நேரமும் சின்த்தின் வெளியீடு ஓடிக்கொண்டே பதிவாகட்டும். விளையாடும்போது கை தற்செயலாகப் போன இடத்துக்கு மறுபடி போக முடிவதில்லை. பத்து நிமிடப் பதிவில் 4 நொடி தேறினாலும் லாபம். அந்த 4 நொடியை வெட்டி, அதையே புது சாம்பிளாகச் சின்த்தில் போட்டு இன்னொரு சுற்று போகலாம்.

கிரானுலர் என்கிறார்களே, அது என்ன?

ஒலியை மிகச் சிறிய துகள்களாக்கி, அவற்றை மறுபடி தூவுவது. ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் 10 முதல் 100 மில்லிசெகண்ட். இரு முனையும் மெல்ல எழுந்து மெல்ல விழும்படி வளைக்கப்பட்டிருக்கும். ஒலியை இப்படித் துகளாகப் பார்க்கலாம் என்று 1947-இல் எழுதியவர் டென்னிஸ் காபோர், பின்னாளில் ஹாலோகிராமுக்காக நோபல் பெற்ற அதே இயற்பியலாளர். இசையமைப்பாளர் செனாகிஸ் 1950-களின் கடைசியில் டேப்பைக் கத்தரித்து ஒட்டி இதைச் செய்துபார்த்தார். கர்டிஸ் ரோட்ஸ் 1974-இல் கணினியில் செய்தார். 1986-இல் பேரி ட்ரூவாக்ஸ் அதை உடனுக்குடன் ஒலிக்கும்படி ஆக்கினார். இன்று ராபர்ட் ஹென்கேயின் கிரானுலேட்டரை லைவில் இழுத்துப் போட்டால் ஆயிற்று.

திரையில் இருபது குமிழ் இருந்தாலும் வேலை செய்பவை ஐந்துதான். இடம்: கோப்பின் எந்தப் பகுதியிலிருந்து துகள் எடுப்பது. நீளம். அடர்த்தி: நொடிக்கு எத்தனை துகள். சுருதி. சிதறல்: மேலே சொன்னவற்றை எவ்வளவு தாறுமாறாக்குவது.

நீளத்தையும் அடர்த்தியையும் பெருக்கினால் ஒரே சமயத்தில் எத்தனை துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று தெரியும். 100 மில்லிசெகண்ட் துகள் நொடிக்கு 50 என்றால் 0.1 × 50 = 5. இந்த எண் 1-க்குக் கீழே போனால் இடைவெளி விழுந்து படபடவென்று கேட்கும். 4, 5 இருந்தால் வழவழப்பு. ஆனால் அடுக்கு ஏற ஏற ஒலியளவும் ஏறும். ஐந்து துகள்கள் வேறு வேறு இடத்திலிருந்து வந்தால் சுமார் 7 டெசிபெல். ஐந்தும் ஒரே இடத்திலிருந்து ஒத்துப்போனால் 14 வரை. அடர்த்திக் குமிழைத் தொடுமுன் ஒலியளவைக் குறையுங்கள். ஹெட்போனில் இருப்பவர்கள் கட்டாயம்.

துகள்களைக் குறுக்கினால் வண்டு ரீங்கரிப்பது போல வருகிறதே?

துகள்கள் சீரான இடைவெளியில் விழுகின்றன. நொடிக்கு 100 துகள் ஒழுங்காக விழுந்தால் காது அதை 100 ஹெர்ட்ஸ் சுரமாகவே கேட்கும், மூல ஒலி எதுவாயிருந்தாலும் சரி. நேரச் சிதறலை 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ரீங்காரம் கரையும். வேண்டாத இந்தக் கோளாறே எந்திரன் குரலுக்கு முதல் தரமான மருந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பேச்சுப் பதிவு, 15 மில்லிசெகண்ட் துகள், சிதறல் பூஜ்யம், அடர்த்தியைக் கீபோர்டால் மாற்றுங்கள்.

சில செய்முறைகள் சொல்ல முடியுமா?

மழை. முறத்தில் அரிசி விழும் ஒலியை 8 நொடி பதியுங்கள். துகள் 30 முதல் 60 மில்லிசெகண்ட், அடர்த்தி 40, இடச் சிதறல் முழுமையாக, சுருதிச் சிதறல் 3 செமிடோன், இடவலமும் சிதறட்டும். இதுவே தூறல். இதன் கீழே, அதே பதிவை 12 செமிடோன் இறக்கி, லோ-பாஸ் 1 கிலோஹெர்ட்ஸ் வைத்த இன்னொரு அடுக்கு சேர்த்தால் கூரை மேல் கொட்டும் மழை. அடர்த்தியை மோட் வீலில் (கீபோர்டில் உள்ள சக்கரம்) இணைத்துவிட்டால் மழை வலுப்பதையும் விடுவதையும் படம் பார்த்தபடியே கையால் வாசிக்கலாம். நிஜ மழையைப் பதிந்து வைத்திருந்தாலும் இந்த வசதி அதில் கிடையாது.

விண்கலம். ஓடும் வெட் கிரைண்டரை 20 நொடி பதியுங்கள், கல் சுற்றும் ஒலி மட்டும், மாவு வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரின் ஹம் 50, 100 ஹெர்ட்ஸ்களில் இருக்கும். 12 செமிடோன் இறக்கினால் 50 என்பது 25 ஆகிவிடும். லேப்டாப்பிலும் போனிலும் அது கேட்கவே கேட்காது, ஆனால் மிக்ஸின் இடத்தை மட்டும் தின்னும். எனவே 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் விளைவு) கொஞ்சம் ஏற்றுங்கள். மேலே புதிய ஹார்மோனிக்குகள் (அடிச்சுரத்தின் மடங்குகளில் வரும் அதிர்வெண்கள்) உண்டாகி, அடிநாதம் இருப்பதாகச் சின்ன ஸ்பீக்கரிலும் காது நம்பும். பிறகு இரண்டு பிரதிகளை 7 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கி இடவலமாக வைத்தால் மெதுவாகப் புரளும்.

மிருகம். இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் சிங்கத்தைப் பதிவிறக்கி இறக்கப் பார்க்கிறார்கள். சிங்கம் மெதுவான சிங்கமாகத்தான் கேட்கும். ஜுராசிக் பார்க்கின் டி-ரெக்ஸ் கர்ஜனையில் ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் எடுத்தது குட்டி யானையின் கீச்சுப் பிளிறல். புலியும் முதலையும் அதோடு அடுக்கப்பட்டன. சிறியதைப் பெரிதாக்கும்போது எதுவென்று அடையாளம் தெரிவதில்லை. ஈர விரலால் பலூனைத் தேய்த்த ஒலியை 18 செமிடோன் இறக்குங்கள். அதன்மேல் மூச்சு அடுக்கு: மைக்கருகே தொண்டையால் விட்ட பெருமூச்சு, 5 செமிடோன் மட்டும் கீழே. உறுமி கிடைத்தால் இன்னும் நல்லது. வளைந்த குச்சியால் அதைத் தேய்க்கும்போது வரும் ஓலம் இறக்காமலேயே பாதி மிருகம். எல்லா அடுக்கையும் ஒரே பிட்ச் வீல் வளைக்க வேண்டும். ஒரு தொண்டையிலிருந்து வருவதாகக் கேட்பதற்குக் காரணம் அந்தச் சேர்ந்த வளைவு மட்டுமே.

லூப் போட்டால் ‘டிக், டிக்’ என்கிறது.

லூப்பின் முடிவில் அலை ஓர் உயரத்தில், தொடக்கத்தில் வேறோர் உயரத்தில். அந்தக் குதிப்புதான் டிக். இரு முனையையும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில், இரண்டுமே மேல்நோக்கிக் கடக்கும்படி வையுங்கள். ஸ்டீரியோவில் இடது சரியானால் வலது சரிவராது. அங்கே கிராஸ்ஃபேட்தான் (ஒரு முனை அடங்க அடங்க மறுமுனையை எழுப்புவது) வழி, 20 முதல் 200 மில்லிசெகண்ட். கிராஸ்ஃபேட் நடுவில் ஒலி குழிவிழுந்தால் ஈக்வல் பவர் வளைவுக்கு மாற்றுங்கள், புடைத்தால் லீனியருக்கு. கிரைண்டர், மழை போன்ற ஒழுங்கற்ற ஒலிக்கு முன்னது, சுரமுள்ள ஒலிக்குப் பின்னது.

விசையை அழுத்தும்போது மட்டும் டிக் வந்தால் அட்டாக்கை 2 முதல் 5 மில்லிசெகண்ட் ஏற்றுங்கள். விடும்போது வந்தால் ரிலீஸை (விட்டபின் ஒலி அடங்க எடுக்கும் நேரம்) 20-க்கு மேல்.

சின்ன லூப் சுருதி விலகுகிறது. ஏன்?

லூப் முழுப் புள்ளிகளில்தான் முடியும், அலை அப்படி முடிவதில்லை. 44,100-இல் 1500 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 29.4 புள்ளி. நீங்கள் 29-இல் லூப் போட்டால் 1520.7 ஹெர்ட்ஸ் ஒலிக்கும், கிட்டத்தட்ட 24 சென்ட் கூடுதல். பழகாத காதுக்கும் உறுத்தும். ஐந்து சுற்றை எடுங்கள்: 29.4 × 5 = 147, மிச்சமில்லாமல் முடிகிறது. சுரம் உயர உயர இந்தச் சிக்கல் கடுமையாகும்.

டம்ளர் எந்தச் சுரம் என்று சின்த்துக்கு எப்படிச் சொல்வது?

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மிக உயர்ந்து, அதிக நேரம் நிற்கும் முகட்டைப் பாருங்கள். 1420 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துச் சுரம் எஃப்6, 1396.9 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 28 சென்ட். ஆகவே ரூட் நோட் (சாம்பிளின் சொந்தச் சுரம்) எஃப்6, ஃபைன் டியூன் மைனஸ் 28. தம்புராவோடு சேர்க்க வேண்டுமானால் ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி என்று பிறகு நகர்த்திக்கொள்ளுங்கள். உலோகத்தின் மற்ற முகடுகள் ஹார்மோனிக் வரிசையில் இருக்காது, அதனால் கார்டு வாசித்தால் அடித்துக்கொள்ளும். தனிச்சுரமாக வாசியுங்கள், அல்லது ஃபில்டரால் அந்த ஒரு முகட்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள்.

ரூட் சரியாக வைத்தும் ஒரு ஆக்டேவ் தள்ளி வந்தால் பிழை உங்களுடையதல்ல. மிடி எண் (கீபோர்டின் ஒவ்வொரு விசைக்கும் உரிய எண்) 60-ஐ ஏபிள்டனும் கியூபேஸும் சி3 என்கின்றன, எஃப்.எல். ஸ்டுடியோ சி5 என்கிறது, பாடப்புத்தகம் சி4 என்கிறது. கோப்பின் பெயரில் சுரத்தோடு மிடி எண்ணையும் எழுதி வையுங்கள்.

நாதஸ்வர சாம்பிளில் கமகம் வரமாட்டேன் என்கிறதே?

ஒவ்வொரு விசையும் நிலையான ஒரு சுரத்தின் பதிவு. கமகமோ சுரங்களுக்கு இடையில் நடப்பது. பிட்ச் பெண்ட் எல்லை வழக்கமாக 2 செமிடோன்தான் இருக்கும், அதைச் சின்த்தில் 12 ஆக்கினால் கொஞ்சம் வழி பிறக்கும். இருந்தாலும் நாலு செமிடோனுக்கு மேல் வளைத்தால் கருவியின் உடம்பே சுருங்கி விரிவது போலக் கேட்கும், ஏனென்றால் சுருதியோடு நாதமும் சேர்ந்து நகர்கிறது. ஒலி வடிவமைப்புக்கு வேறு வழி மேல்: ஒரு முழுச் சங்கதியைப் பதிந்து, கிரானுலரில் சுருதியைத் தொடாமல் இடத்தின் வேகத்தை மட்டும் பாதியாக்குங்கள். வாசித்தவரின் கமகம் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் விரியும்.

ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து இயந்திரத் துப்பாக்கி போல இருக்கிறது.

அதற்குத்தான் 5 முறை அடித்துப் பதியச் சொன்னது. அவற்றை ரவுண்ட் ராபினில் (ஒவ்வொரு முறையும் அடுத்த பதிவை ஒலிக்கவிடும் முறை) போடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் தொடக்க இடத்தை 5 மில்லிசெகண்டுக்குள், சுருதியை 15 சென்டுக்குள் தாறுமாறாக்குங்கள். காலடி ஓசைக்கு இதுவே போதும்.

பகடைப் பொத்தானை நம்பலாமா?

குமிழ்களைத் தாறுமாறாகத் திருப்பிவிடும் பொத்தான் அது. நம்பலாம், கையைக் கட்டிப்போட்ட பிறகு. ஒலியளவு, சுருதி, ரெசனன்ஸ் (ஃபில்டர் வெட்டும் இடத்தில் எழும் முனைப்பு) மூன்றையும் பூட்டிவிட்டு உருட்டுங்கள். இல்லாவிட்டால் பத்தில் எட்டு முறை கத்தலோ மௌனமோதான். மேக்ரோவுக்கும் (பல குமிழ்களைச் சேர்த்துத் திருப்பும் ஒற்றைக் குமிழ்) இதே நியாயம். குமிழை 0 முதல் 100 வரை இணைக்காமல், கேட்க நன்றாயிருக்கும் எல்லைக்குள், உதாரணமாக 20 முதல் 45 வரை மட்டும் இணைத்தால் எங்கே திருப்பினாலும் பயன்படும்.

கணினி திணறி ஒலி கரகரக்கிறது.

துகள்களை எண்ணுங்கள். 6 சுரம், ஒவ்வொன்றிலும் 8 அடுக்கு என்றால் ஒரே நேரத்தில் 48 துகள். வாய்ஸ் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்) 3 ஆக்குங்கள், ரிலீஸைக் குறையுங்கள். பஃபரை (கணினி ஒரே தவணையில் கணக்கிடும் புள்ளிகள்) 256-இலிருந்து 1024 ஆக்கலாம்; 48 கிலோஹெர்ட்ஸில் தாமதம் 5.3-இலிருந்து 21.3 மில்லிசெகண்ட் ஆகும், தாளம் வாசிக்கத் தடுமாறும், இழுத்து விரியும் ஒலிக்குத் தெரியாது. பிடித்ததும் உடனே ஆடியோவாக்கிவிட்டுச் சின்த்தை அணைத்துவிடுங்கள்.

ஹெட்போனில் பிரமாதம், போனில் காணாமல் போகிறது.

மோனோவில், அதாவது இடதும் வலதும் ஒன்றாகச் சேர்த்து, கேட்டுப் பாருங்கள். இடவலமாக அகலப்படுத்தும் வித்தைகள் சில, இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். அகலம் மேலடுக்குக்கு மட்டும் இருக்கட்டும், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடுவில்.

இணையத்தில் கிடைக்கும் சாம்பிள்களைப் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் என்ற ஒலித்தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி உரிமம், கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) வகை. சிசி0 என்றால் தாராளமாக, சிசி-பை என்றால் பதிந்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், என்.சி. என்றிருந்தால் காசு வரும் வேலைக்கு ஆகாது. படத்திலிருந்தும் பாட்டிலிருந்தும் வெட்டியதை அடையாளம் தெரியாமல் அரைத்துவிட்டேன் என்பது உரிமை ஆகாது. சின்த்தோடு வரும் சாம்பிள்களை உங்கள் படைப்பில் பயன்படுத்தப் பெரும்பாலும் அனுமதி உண்டு. அவற்றைத் தனித்தனியாக எடுத்து வேறு சாம்பிள் பேக்காக விற்க அநேகமாக இருக்காது.

பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் ‘சாம்பிள் காணவில்லை’ என்கிறது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட்டிருப்பீர்கள், பிறகு அதைச் சுத்தம் செய்திருப்பீர்கள். சின்த்தில் போடுவதற்கு முன்பே கோப்பை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள். ஏபிள்டனில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’ இதைச் செய்யும். சில பழைய பிளக்இன்கள் தமிழ் எழுத்துள்ள பெயர்களைத் திறக்கத் தடுமாறும் என்பதால் கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருப்பது பத்திரம். படத்தொகுப்பாளருக்கு அனுப்பும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வாவ். வால் முழுவதும் அடங்கும்வரை விட்டு வெட்டுங்கள். ரிவெர்ப் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டு பிரதி கொடுங்கள். அவர் கேட்டு வாங்குவது பெரும்பாலும் போடாததைத்தான்.